ஞாயிற்றுக்கிழமை வந்த கலங்கல் தண்ணீர்

ரோட்டு வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் கண்ணுகளா,

மழைக்காலம் தொடங்குவதற்குள் உங்களுக்கு நாலு வார்த்தை சொல்லச் சொல்லி என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். மலை ஓடையில் திடீர் வெள்ளம் வருவதற்கு முன்னால் என்னென்ன அறிகுறி தெரியும் என்று நான் விளக்க வேண்டுமாம். ஓய்வு பெற்று ஊட்டோடு கிடக்கிறவனை எதற்குத் தேடிப் பிடித்தார்கள் என்றால், என் பணிப்பதிவேட்டில் ஒரு பாராட்டுக் கடிதம் ஒட்டியிருக்கிறது. ஓடையின் போக்கை உன்னிப்பாகக் கவனித்து, அறிகுறிகளை முன்கூட்டியே உணர்ந்து, ஆறு தொழிலாளர்களின் உயிரைக் காப்பாற்றினேன் என்று அதில் டைப் அடித்திருக்கிறது. ஆறு பேரும் உயிரோடு கரையேறினார்கள், அது உண்மை. மற்றதெல்லாம் கொஞ்சம் முன்னே பின்னே.

அன்றைக்கு அந்த ஓடை எனக்கு எல்லா அறிகுறிகளையும் காட்டியது. ஒன்றுகூட பாக்கி வைக்கவில்லை. நான்தான் ஒவ்வொன்றுக்கும் ஒரு நல்ல விளக்கம் கண்டுபிடித்து ஓரமாக வைத்துக்கொண்டே வந்தேன். அதனால் அறிகுறிகளைக் கண்டுகொண்டவன் என்ற முறையில் பேச எனக்குத் தகுதி இல்லை. அத்தனையையும் கோட்டை விட்டவன் என்ற முறையில் பேசுகிறேன். அந்த வகையில் இந்த மலையில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது.

எண்பதுகளில் நடந்தது இது. குப்பனூரிலிருந்து கொட்டச்சேடு வழியாக ஏற்காட்டுக்கு ஏறும் ரோட்டில் ஒரு பகுதிக்கு நான் ரோடு இன்ஸ்பெக்டர். என் எல்லைக்குள் ஒரு தரைப்பாலம் இருந்தது. ஓடைக்குக் குறுக்கே நாலு சிமெண்ட் குழாயைப் பதித்து, மேலே கான்கிரீட் போட்டது. தண்ணீர் குழாய்க்குள் போகும், பஸ் மேலே போகும். குழாய் அடைத்துக்கொண்டால் தண்ணீர் மேலே போகும், பஸ் எங்கேயும் போகாது. அவ்வளவுதான் அந்தப் பாலத்தின் தத்துவம்.

அந்த ஓடை மேலே ஒரு காப்பி எஸ்டேட்டுக்குள்ளிருந்து வருகிறது. கார்த்திகை, மார்கழியில் பழம் பறிப்பார்கள். பறித்த பழத்தை அன்றைக்கே பல்ப்பர் என்ற மெஷினில் போட்டுத் தோல் உரித்துக் கழுவுவார்கள். கழுவின தண்ணீர் பழுப்பாக, நுரை கட்டிக்கொண்டு, புளித்த வாடையோடு ஓடையில் இறங்கும். மூன்று மணிக்கு மேலே பல்ப்பர் ஓடினால் நாலு மணிக்கு என் பாலத்தில் தண்ணீர் கலங்கும். காப்பிக்கொட்டை அவர்களுக்கு, கழிவு எனக்கு. அந்த எஸ்டேட்டுக்கு நான் எழுதிய புகார்க் கடிதங்களைச் சேர்த்துக் கட்டினால் தலையணை ஆகும். ஒருநாள் எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டரே என்னை வழியில் பார்த்துக் கேட்டுவிட்டார்.

"ஏனுங்க இன்ஸ்பெக்டர், உங்க ரோட்டு மண்ணு வருசா வருசம் எங்க காட்டுக்குள்ளார சரியுதுங்களே. நாங்க ஒரு கடுதாசி போட்டிருப்போமுங்களா?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. அன்று மாலையே இன்னொரு கடிதம் எழுதினேன். ஓடைத் தண்ணீரின் நிறத்தைப் பார்த்தே மேலே பல்ப்பர் எத்தனை மணிக்கு ஓடத் தொடங்கியது என்று சொல்லிவிடுவேன் என்று ஆபீசில் பெருமை அடித்துக்கொண்டு திரிந்த காலம் அது. இந்தப் பெருமையைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலைக்கு வரும்.

அந்த வருடம் கார்த்திகையில் பாலத்தின் நாலு குழாயில் இரண்டு அடைத்துக்கொண்டன. கிளையும் சருகும் மண்ணும் சேர்ந்து இறுகிவிட்டது. பத்து நாள் முன்பே எடுத்திருக்க வேண்டும். நாளைக்கு, நாளைக்கு என்று நான் தள்ளிப்போட்டேன். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் தகவல் வந்தது, திங்கட்கிழமை பெரிய இன்ஜினியர் ஜீப்பில் அந்த ரோட்டில் வருகிறாராம். உடனே என் ஆட்கள் ஆறு பேரையும் கூப்பிட்டு, மறுநாள் ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு வரவேண்டும் என்று சொன்னேன்.

ஆறு பேரில் இருவரை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஒருவன் சடையன். கொட்டச்சேட்டுக்காரன், சொந்தமாகக் கொஞ்சம் சாமைக்காடு உண்டு, காட்டு வேலை இல்லாத நாளில் ரோட்டு வேலைக்கு வருவான். ஒல்லி உடம்பு. குழாய்க்குள் தவழ்ந்து போய்க் கடப்பாரை போடக்கூடிய ஆள் அவன் ஒருவன்தான். இன்னொருத்தி ஆரோக்கியமேரி. எஸ்டேட் தொழிலாளர்களுக்கான லைன் வீட்டில் குடியிருந்தாள். அவள் வீட்டுக்காரர்தான் மேலே எஸ்டேட்டில் பல்ப்பர் ஓட்டுபவர். மற்ற நால்வரும் சடையனுடைய ஊர்க்காரர்கள். ஞாயிறு என்றதும் மேரி முன்னால் வந்தாள்.

"சார், நாளைக்கு கிறிஸ்துமசுக்கு முந்தின திருவருகைக் கால மொத ஞாயிறுங்க. பூசைக்குப் போவோணுங்க."

"அதுக்கென்னம்மா, அடுத்த வாரம் போயிக்க."

"எஸ்டேட்டுலயே நாயித்துக்கெழம லீவு உடறாங்க சார். பல்ப்பரக்கூட நிறுத்திட்டு எங்க ஊட்டுக்காரரு கோயிலுக்குத்தான் போறாருங்க."

"மேரி, நீ ஒரு பூசைக்குப் போகலன்னா கடவுள் கோவிச்சுக்க மாட்டாரு. குழாய் அடச்சுக் கெடந்தா பெரிய இன்ஜினியர் கோவிச்சுக்குவாரு."

சொல்லிவிட்டு நானே சிரித்தேன். மற்றவர்களும் சிரித்தார்கள், மேரி சிரிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பல்ப்பர் ஓடாது என்பதை அவள் வாயாலேயே சனிக்கிழமை சாயங்காலம் என்னிடம் சொல்லிவிட்டாள் என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். நான் குறித்துக்கொள்ளவில்லை.

ஞாயிறு காலை நல்ல வெயில். மொபெட்டில் போய் இறங்கினேன். அந்த வளைவில் வண்டி நிறுத்தச் சமதளமான இடம் பாலம் ஒன்றுதான், அதனால் பாலத்தின் நடுவிலேயே நிறுத்தினேன். ஆமாம், ஓடைக்குக் குறுக்கே. நிறுத்திவிட்டுக் கரையின் மேட்டில் ஒரு பாறையில் துண்டை விரித்து உட்கார்ந்தேன். சலவைச் சட்டை, குடை, சோற்றுத் தூக்குப்போசி, மடியில் நோட்டு, இடுப்பில் மூக்குப்பொடி டப்பா. மலை உச்சிப் பக்கம் மேகம் கருகருவென்று இறங்கியிருந்தது. நான் அதைப் பார்த்தேன். பார்த்து என்ன நினைத்தேன் என்றால், அது கொஞ்சம் இந்தப் பக்கம் நகர்ந்தால் நமக்கு வெயில் தணியுமே என்று நினைத்தேன்.

உங்கள் தலைக்கு மேலே உள்ள வானத்துக்கும் நீங்கள் நிற்கிற ஓடைக்கும் சம்பந்தம் கிடையாது. ஓடைக்குச் சொந்தமான வானம் அஞ்சாறு மைல் மேலே இருக்கிறது. இது எனக்கு அன்றைக்கும் தெரியும். தெரிந்த விஷயம் எதுவும் அன்றைக்கு என் உதவிக்கு வரவில்லை.

முழங்கால் ஆழத் தண்ணீரில் நின்று ஐந்து பேரும் மேல் பக்கத்திலிருந்து கிளைகளை இழுத்துக்கொண்டிருந்தார்கள். சடையன் கீழ்ப் பக்கத்தில் தண்ணீர் குறையட்டும் என்று உட்கார்ந்திருந்தான். பதினோரு மணி வாக்கில் தண்ணீர் குறைந்தது. கொஞ்சநஞ்சமாக இல்லை, முழங்கால் அளவு இருந்தது கால் மணி நேரத்தில் கணுக்காலுக்கு வந்துவிட்டது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"பாத்தீங்களா, தண்ணியே நமக்கு வழி விடுது. சடையா, உள்ள போ நீ."

மேரி நிமிர்ந்தாள். "ஏனுங்க சார், இப்பிடி ஒரேயடியாக் கொறையுதுன்னா மேல எங்கியோ..."

நான் கையைக் காட்டி நிறுத்தினேன். பூசைக்கு விடவில்லை என்ற எரிச்சலில் ஏதாவது சாக்குச் சொல்கிறாள் என்று எனக்கு நினைப்பு. மேலே எங்கோ மரம் விழுந்து சருகும் மண்ணும் சேர்ந்து ஓடை அடைபட்டிருக்கிறது, அடைபட்டது உடையும், உடைந்தால் மொத்தமாக வரும் என்பதைத்தான் அவள் சொல்ல வந்தாள். எனக்கு அந்த வாக்கியத்தின் முதல் பாதி போதுமானதாக இருந்தது. சடையன் கடப்பாரையை எடுத்துக்கொண்டு கீழ்ப் பக்கக் குழாய்க்குள் தவழ்ந்து போனான். அவனை உள்ளே அனுப்பியது நான். இதை மறைத்துப் பேச எனக்கு இஷ்டமில்லை.

கொஞ்ச நேரத்தில் கல்லிடுக்கில் இருந்த நண்டுகள் வெளியே வந்தன. ஒன்றிரண்டு இல்லை, பத்துப் பதினைந்து, சாவகாசமாக இல்லாமல் வேகமாகக் கரை ஏறின. ஒரு நண்டு என் துண்டின் மேலேயே ஏறிப் போனது. ஆட்களில் ஒருவன் நாலைந்தைப் பிடித்துப் பையில் போட்டான். ஓடையில் குடியிருக்கிற ஜீவன் ஓடையைக் காலி செய்துகொண்டு போகிறதே, ஏன் என்று இன்ஸ்பெக்டருக்குத் தோன்ற வேண்டும். இன்ஸ்பெக்டருக்குத் தோன்றியது வேறு.

"எனக்கும் ரெண்டு எடுத்து வைப்பா. கொழம்புக்கு ஆவும்" என்றேன்.

அதற்கப்புறம்தான் ஒரு விஷயம் நடந்தது. அறிகுறிகளை வரிசையாக அச்சடித்து உங்களுக்குக் கொடுத்திருக்கும் தாளில் அது இருக்காது. ஐந்து பேருடைய கையும் நின்றது. யாரும் யாரிடமும் பேசிக்கொள்ளவில்லை. ஒருத்தர் பின் ஒருத்தராக நிமிர்ந்து ஓடையின் மேல் பக்கம் பார்த்தார்கள். பிறகு திரும்பி என் முகத்தைப் பார்த்தார்கள். கரையேறட்டுமா என்று கேட்கிற பார்வை அது. கேட்காமல் ஏறினால் நான் திட்டுவேன் என்று பயம். நான் என்ன செய்தேன் தெரியுமா?

"என்ன வேடிக்க? ஞாயித்துக்கெழம வரச் சொன்னா நின்னுக்கிட்டே பொழுத ஓட்டறதா?"

தலைகள் குனிந்தன. கைகள் மறுபடி அசைந்தன. இன்றைக்கும் இந்த இடத்துக்கு வரும்போது எனக்கு உடம்பு கூசுகிறது. நண்டைப் பற்றிச் சொல்லும்போது சிரிக்க முடிகிறது, இதைச் சொல்லும்போது முடியவில்லை.

பிறகு தண்ணீர் திரும்ப வந்தது. மெல்லிசாக, ஒரு முழ அகலத்துக்கு, பழுப்பு நிறத்தில் வந்தது. மேலே சுள்ளியும் பச்சை இலையும் மிதந்தன. நான் பாறையிலிருந்து துள்ளி எழுந்தேன். பயந்து இல்லை, பரவசத்தில். எஸ்டேட்டுக்காரன் கையும் களவுமாக மாட்டிக்கொண்டானே என்ற பரவசம்.

"பல்ப்பர் தண்ணி" என்று கத்தினேன். "பாத்தீங்களா, ஓடைக்குள்ள மனுசன் நின்னு வேல செய்யறான், மேல பல்ப்பர ஓட்டறானுங்க."

நாலு மணிக்கு வர வேண்டியது பன்னிரண்டுக்கு முன்னாலேயே வந்திருக்கிறதே என்று ஒரு சந்தேகம் வந்தது. இன்றைக்குச் சீக்கிரமே பறித்து முடித்திருப்பார்கள் என்று அதற்கு நானே பதில் சொல்லிக்கொண்டேன். நுரை இல்லையே என்று தோன்றியது. பழம் குறைச்சலாக இருக்கும் என்று சமாதானம் ஆனேன். சுள்ளி எப்படி வரும்? கழுவுகிற இடத்தைக் கூட்டியிருப்பார்கள். எப்படி யோசித்திருக்கிறேன் பாருங்கள். ஒரு சிமிட்டா பொடியை உறிஞ்சிவிட்டு நோட்டைத் திறந்து எழுத ஆரம்பித்தேன். பெறுநர், மேலாளர் அவர்கள். ஐயா, தங்கள் எஸ்டேட்டிலிருந்து இன்று முற்பகல்...

"சார்."

நான் நிமிரவில்லை. முற்பகல் என்பதற்கு அப்புறம் நல்ல காட்டமான வார்த்தை ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தேன்.

"சார், இது பல்ப்பர் தண்ணி இல்லீங்க."

"எனக்குத் தெரியாதா? எத்தன வருசமா பாக்கறேன்."

"பல்ப்பர் தண்ணின்னா புளிச்ச வாடை அடிக்குமுங்க. இது மண்ணு வாடைங்க. மோந்து பாருங்க."

நான் மோந்து பார்த்தேன். எனக்கு மூக்குப்பொடி வாடைதான் அடித்தது.

மேரி மண்வெட்டியைக் கீழே போட்டாள். அதுவரை அப்படி ஒரு குரலில் அவள் என்னிடம் பேசியதில்லை. "இன்னிக்கு நாயித்துக்கெழமைங்க சார். பல்ப்பர் ஓட்டற மனுசன் கோயில்ல முட்டி போட்டுக்கிட்டு இருக்காருங்க. இந்தத் தண்ணி எங்கிருந்துங்க வருது?"

பேனா அப்படியே நின்றது. என் பெருமையெல்லாம் பல்ப்பரை நம்பித்தான் இருந்தது. பல்ப்பர் இல்லையென்றால் என்னிடம் இருந்த விளக்கம் தீர்ந்து போனது. குறைந்த தண்ணீர், நண்டு, சுள்ளி, மேகம், நான் ஓரமாக வைத்திருந்தது எல்லாம் ஒரே நேரத்தில் திரும்பி வந்தன. அந்தச் சமயத்தில் ஒரு சத்தமும் கேட்டது. நல்ல லோடு ஏற்றின லாரி மேடு ஏறுகிற மாதிரி சத்தம். நான் ரோட்டைத் திரும்பிப் பார்த்தேன். அந்த நேரத்திலும் லாரி வருகிறதா என்று ரோட்டைத்தான் பார்த்தேன், அப்படிப்பட்ட புத்திசாலி நான்.

"மேல ஏறுங்க, எல்லாரும் ஏறுங்க" என்று கத்தினேன். நான் சொல்லி முடிப்பதற்குள் எல்லோரும் மேட்டில் இருந்தார்கள். எப்போது சொல்வேன் என்றுதான் காத்திருந்தார்கள்.

நான் தலைகளை எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ஐந்து, ஆறு. சரியாக இருந்தது. மூச்சு வந்தது.

"சார், சடையன் உள்ளார இருக்கானுங்க" என்றாள் மேரி.

"ஆறு பேர் இருக்கீங்களே?"

"உங்களையும் சேத்து எண்ணிட்டீங்க சார்."

கண்ணுகளா, இருபத்தெட்டு வருடச் சர்வீசில் நான் பல தப்புச் செய்திருக்கிறேன். கணக்குத் தவறி ஜல்லியை வேறு ஊரில் கொட்டியிருக்கிறேன். கிராமத்துப் பெயரைத் தப்பாக எழுதி மைல்கல் நட்டிருக்கிறேன். எல்லாம் சொல்லிச் சிரிக்கக்கூடிய தப்பு. இந்த எண்ணிக்கையைப் போல ஒன்றை நான் அதற்கு முன்னும் செய்யவில்லை, பின்னும் செய்யவில்லை. குழாய்க்குள் கடப்பாரை கணகணவென்று கேட்டுக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில் சடையனுக்கு நாங்கள் கூப்பிட்டது எதுவும் கேட்கவில்லை.

நான் இறங்கி ஓடினேன். தைரியம் என்று யாரும் எழுதிக்கொள்ள வேண்டாம். அவனை உள்ளே அனுப்பியது நான், அவன் செத்தால் அவன் பெண்டாட்டி முகத்தில் எப்படி முழிப்பேன் என்ற பயம்தான் என்னைத் தள்ளியது. கீழ்ப் பக்கம் போய்க் குழாய்க்குள் தலையை விட்டேன். ஒரு ஆள் நீளத்துக்கு அப்பால் அவன் பாதம் தெரிந்தது. தவழ்ந்து போய் ஒரு காலைப் பிடித்து இழுத்தேன். அவன் யாரோ விளையாடுகிறார்கள் என்று நினைத்து மற்றக் காலால் ஒரு உதை விட்டான். என் கண்ணாடி போனது, உதடு கிழிந்தது.

"எவண்டா அவன், உள்ளார வந்து வெளையாடறது?"

"சடையா, நான்தாம்ப்பா. வெள்ளம். வெளிய வா."

இன்ஸ்பெக்டரை உதைத்துவிட்டோம் என்று தெரிந்ததும் அவன் பதறிப்போய், "ஐயோ சாமி, தெரியாம பட்டுருச்சுங்க" என்று குழாய்க்குள்ளேயே மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தான். மன்னிப்பெல்லாம் அப்புறம் கேட்கலாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, ரத்தமாக இருந்தது. பின்னால் யாரோ என் இடுப்பு வேட்டியைப் பிடித்து இழுத்தார்கள். மேரி. நானும் இறங்குகிறேன் என்று யாரிடமும் சொல்லாமல் இறங்கி வந்திருந்தாள். அவள் என்னை இழுக்க, நான் சடையனை இழுக்க, மூவரும் வெளியே வந்து விழுந்தோம். அவனுக்கு முழங்கை இரண்டும் தோல் உரிந்திருந்தது. குழாய் வாயிலில் தண்ணீர் அப்போதே முழங்காலைத் தாண்டிவிட்டது. மேலேயிருந்து ஒருத்தன் மண்வெட்டிக் காம்பை நீட்டினான். சடையன் ஏறினான். மேரி கீழேயிருந்து என்னைத் தள்ளிவிட்டாள், ஏறினேன். கடைசியாக மேரி காம்பைப் பிடித்தபோது தண்ணீர் அவள் இடுப்பில் இருந்தது. நாலு பேரும் சேர்ந்து அவளைத் தூக்கினார்கள்.

அப்புறம் அது வந்தது. தண்ணீர் மாதிரியே இல்லை. சேறும் கல்லும் வேரோடு ஒரு மரமும் சேர்ந்து, ஆள் உயரத்துக்கு மேல் எழும்பி வந்தது. பாலம் கண்ணுக்குத் தெரியாமல் போனது. நடுவில் நிறுத்தியிருந்த என் மொபெட் ஒரு தரம் புரண்டதைப் பார்த்தேன். குடை போனது, தூக்குப்போசி போனது, முற்பகல் வரை எழுதியிருந்த கடிதமும் போனது. பத்து நாள் கழித்துக் குப்பனூர்ப் பக்கம் ஆடு மேய்த்த ஒருவர் மொபெட்டின் ஹேண்டில்பாரைக் கண்டெடுத்துக் கொண்டுவந்து கொடுத்தார்.

நான் மேட்டில் உட்கார்ந்து அழுதேன். ஆட்கள் முன்னால் வெட்கமே இல்லாமல் அழுதேன். சடையன் என் பக்கத்தில் உட்கார்ந்து, உதைத்ததற்குத்தான் அழுகிறேன் என்று நினைத்து, "நொம்ப வலிக்குதுங்களா சார்?" என்று கேட்டான்.

கொஞ்சம் தெளிந்த பிறகு மேரியிடம் கேட்டேன். "ஏம்மா, இவ்வளவு தெரிஞ்சவ முன்னாலயே சொல்லியிருக்கக் கூடாதா?"

அவள் சேலையைப் பிழிந்துகொண்டே, கோபமில்லாமல்தான் சொன்னாள். "தண்ணி கொறஞ்சப்பவே சொன்னனுங்க. நீங்க கையக் காட்டுனீங்க. அப்பறம் எல்லாரும் உங்க மூஞ்சியப் பாத்துக்கிட்டு நின்னமுங்க. நீங்க திட்டுனீங்க. அதுக்கு மேல எப்பிடிங்க சொல்றது?"

மறுநாள் பெரிய இன்ஜினியர் வந்தார். பாலத்தில் பாதி இல்லை. அடைபட்ட குழாயைப் பற்றிக் கேட்க அங்கே குழாயே இல்லை. ஆட்களை எப்போது கரையேற்றினாய், எப்படித் தெரிந்தது என்று கேட்டார். எனக்குப் பின்னால் ஆறு பேரும் நின்றுகொண்டிருந்தார்கள். நான் வாயைத் திறந்தேன். தண்ணீர் திடீரென்று குறைந்தது ஐயா, நண்டு கரையேறியது ஐயா, நிறம் மாறியது, மண் வாடை அடித்தது ஐயா என்று வரிசையாக ஒப்பித்தேன். மண் வாடை அடித்ததாம், எனக்கு. அவர் தோளில் தட்டிக்கொடுத்தார். மேரி கையில் ஒட்டியிருந்த சேற்றைச் சுரண்டிக்கொண்டு நின்றாள். ஒரு மாதத்தில் அந்தக் கடிதம் வந்தது. அதில் அவள் பெயரைச் சேர்க்கச் சொல்லி நான் எழுதியிருக்கலாம். எஸ்டேட்டுக்கு அத்தனை கடிதம் எழுதியவன், இதை எழுதவில்லை. உண்மை தெரிந்தால் மெமோ கொடுப்பார்கள் என்று பயந்தேன், அவ்வளவுதான் காரணம். இன்றைக்கு உங்கள் அதிகாரிகள் முன் வரிசையில் உட்கார்ந்திருக்கும்போதே சொல்லிவிடுகிறேன், அந்தக் கடிதம் ஆரோக்கியமேரிக்கு வர வேண்டியது. இனிமேல் அவர்கள் என் பதிவேட்டைக் கிழித்தாலும் சரி.

அதற்குப் பிறகு என் ஆட்களுக்கு ஞாயிற்றுக்கிழமை வேலை சொன்னதில்லை. மூக்குப்பொடியை விட முடியவில்லை, அதனால் வாடை பார்க்கிற வேலையை மேரியிடம் விட்டுவிட்டேன். ஓடைக்குள் ஆள் இறங்கினால் நான் உட்காருவதில்லை. ஓடையையும் அதிகம் பார்ப்பதில்லை, எனக்குத்தான் அதில் ராசி இல்லையே. ஆட்களின் கையைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். கை நின்றால் என்ன ஏது என்று கேட்பதில்லை, மேலே ஏறச் சொல்லிவிடுவேன். கரையேறிய பிறகு கேட்டுக்கொள்ளலாம்.

நாலைந்து வருடம் கழித்து, புதிதாகக் கட்டிய அதே பாலத்தில், அதே ஆறு பேரும் குழாய் சுத்தம் செய்துகொண்டிருந்தார்கள். மேரியின் கை நின்றது. குனிந்தவள் அப்படியே நின்றாள். நான் தொண்டை கிழியக் கத்தினேன். எல்லோரும் போட்டது போட்டபடி மேலே ஓடி வந்தார்கள். சடையன் குழாய்க்குள்ளிருந்து முதல் ஆளாக வந்தான். அரை மணி நேரம் மேட்டில் நின்று ஓடையையே பார்த்துக்கொண்டிருந்தோம். தெளிந்த தண்ணீர் சலசலவென்று போய்க்கொண்டே இருந்தது. ஒரு சுள்ளிகூட வரவில்லை.

"ஏம்மா மேரி, என்னத்தப் பாத்தே?" என்றேன்.

"ஒண்ணும் பாக்கலீங்க சார்" என்று அவள் காலைத் தூக்கிக் காட்டினாள். "முள்ளு குத்திருச்சுங்க."

சடையன்தான் முதலில் சிரித்தான். அப்புறம் ஒருத்தரை ஒருத்தர் பிடித்துக்கொண்டு எல்லோரும் சிரித்தார்கள், பூசையைப் பற்றிய என் கேலிக்கு அன்றைக்குச் சிரிக்காத மேரியும் சிரித்தாள். அவர்கள் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தபோது நான் தலைகளை எண்ணினேன். என்னைச் சேர்க்காமல் எண்ணினேன். ஆறு பேர் இருந்தார்கள்.